பெயர்க் கட்டத்தில் பங்குத்தந்தை

மரக்காணம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெஞ்சமினுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை. எங்கள் மாதா கோயில் பங்கின் இணையதளத்தைப் பன்னிரண்டு வருஷமாக ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவன். உப்பளத்து வேலை முடிந்து வரும் தாய்மார்கள், குவைத்திலிருக்கும் பிள்ளைகள் தேர்ப்பவனி பார்த்தார்களா என்று அவனிடம்தான் கேட்பார்கள்.

அந்தத் தளத்துக்கான முகவரியை வாங்கிய அன்று, உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதப் போனான். பங்குப் பேரவைச் செயலாளர் அமிர்தராஜ் தடுத்தார்.

"உன் பேரப் போட்டா, கோயில் சொத்த எழுதிக்கினான்னு ஊரே பேசும்பா."

ஃபாதர் பெயரும் வேண்டாம், ஐந்து வருஷத்தில் மாற்றலாகிவிடுவார். மின் இணைப்பு முதல் கல்லறைத் தோட்டம் வரை எங்கள் வழக்கம் எதுவோ, ஃபாதரின் அந்தப் பதவிப் பெயரையே எழுதினார்கள்: பங்குத்தந்தை. விவரத்தை யாரும் பார்க்காதபடி மறைத்தும் வைத்தார்கள்.

இந்த வருஷம் தவக்காலத்தில் தளம் நின்றுபோனது. புதுப்பிக்கச் சொல்லி வந்த தகவலெல்லாம், எப்போதோ காலாவதியான கோயில் செல்பேசி எண்ணுக்குப் போயிருந்தது. உள்ளே நுழைய ஓடிபியும் அங்கேதான் போகும். மே மாதத் தேர்ப்பவனிக்குள் மீட்காவிட்டால் முகவரி கைவிட்டுப் போகும்.

ஒரு முகவரி யாருடையது, எப்போது முடிகிறது என்று சொல்லும் 'ஹூ இஸ்' தேடலைப் பெஞ்சமின் தினமும் கடை திறந்ததும் தட்டிப் பார்த்தான். கெடு தேதி தெரிந்தது. உரிமையாளர்: மறைக்கப்பட்டுள்ளது.

முகவரி விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தான். உரிமையாளரின் ஆதார் வேண்டும் என்றார்கள். அது ஆள் இல்லை, பதவி என்று விளக்கினான். அப்படியானால் அந்தப் பதவியின் ஆதாரை அனுப்புங்கள் என்றாள் ஒரு பெண். புதிய ஃபாதர், தான்தான் பங்குத்தந்தை என்று முத்திரை குத்திக் கடிதம் கொடுத்தார். ஆதாரில் வேறு பெயர் இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். இப்படியே ஆறு தடவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, போனைப் பிடுங்கி நானே கத்தலாமா என்றிருந்தது.

கெடு முடிந்த வாரம் தட்டிப் பார்த்தபோது பதிவுத் தேதி புதிதாக இருந்தது. எவனோ வாங்கிவிட்டான். உரிமையாளர்: மறைக்கப்பட்டுள்ளது. மாதா படம் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடியது.

ஞாயிறு பூசை முடிந்து, எல்லோர் முன்னாலும் அமிர்தராஜ் கேட்டார்: "உன் பேர்லயே போட்டிருந்தா பத்திரமா இருந்திருக்கும் இல்லப்பா?"

பெஞ்சமின் நேரே கடைக்கு வந்தான், நானும் கூடவே வந்தேன். கோயில் தளத்துக்கு வேறொரு முகவரியைத் தேர்ந்தெடுத்து, பெயர்க் கட்டத்தில் ஆதாரில் இருக்கிறபடியே தன் பெயரை அப்பா பெயரோடு எழுதினான். விவரத்தை மறைக்கவா என்று திரை கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினான்.

"எவன் வேணா தேடிப் பாக்கட்டும்ணே," என்றான். "ஆமா, எழுதிக்கினேன்."