தூக்கம் தேடி மாடியேறியவர்கள்

எதிரில் இருப்பவர் தூங்கிவிட்டால் சந்தோஷப்பட வேண்டிய தொழில் என்னுடையது. கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மாடியில் இரண்டு அறை. பெண்களுக்கு மட்டும் மசாஜ். இடுப்பு வலி என்று வருகிறவர்களில் பாதிப் பேர், படுத்த ஐந்தாவது நிமிடம் "தூக்கமே வரதில்லைங்க" என்பார்கள். எல்லாம் உங்களையும் என்னையும் போல ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்கள்தான்.

கையில் போன்

வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு மேடம், மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை என்று வந்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் புளியங்கொட்டை மாதிரி முடிச்சுகள். குப்புறப் படுத்த பிறகும் கட்டிலுக்குக் கீழே கையை நீட்டி, போனில் ஆபீஸ் குரூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் எப்படி இளகும்? கெஞ்சி வாங்கி டிராயரில் வைத்தேன்.

நல்லெண்ணெயைச் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் குறட்டை. தூங்கட்டும் என்று மெதுவாகத் தோளை மட்டும் நீவிக்கொண்டிருந்தேன். ஒண்ணேகால் மணி நேரம் கழித்துக் கண் விழித்தவர், கன்னத்தில் துண்டின் வரிகளோடு நிமிர்ந்து கேட்டார்: "என்னங்க, இன்னும் ஆரம்பிக்கலையா?"

காலைத் தொட்டதும்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகள் அழைத்துவந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். கணவர் இறந்து எட்டு மாதம். அன்றிலிருந்து இரண்டு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக் காய்த்துப்போன கைகளைத் தயங்காமல் நீட்டினார். பாதத்தைத் தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "நீ எதுக்கும்மா என் காலப் புடிக்கிற? எனக்குப் பாவம் வந்துடும்."

"இதாம்மா என் வேலை" என்று மறுபடி குதிகாலில் எண்ணெய் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், கண்ணோரத்திலிருந்து காதுக்குள் கண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. வலிக்கிறதோ என்று பதறிக் கையை எடுத்தேன். "வலிக்கலம்மா. அவரு போனதுலேர்ந்து என்னை யாரும் தொடவே இல்ல. நீ புடி" என்றார். கதவருகில் நின்ற மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அந்த மகள் எனக்குப் போன் செய்தாள். தினமும் சாயந்திரம் இப்போது அவளே காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாளாம். பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "அஞ்சு மணி வரைக்கும் தூங்கினேன்னு சொல்லுடி!"

தொடாமல் அனுப்பியது

அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா, பௌர்ணமிக் கூட்டத்துக்கு நாள் முழுக்க நின்றுவிட்டு, மறுநாள் நொண்டிக்கொண்டு வந்தார். "கெண்டைக்கால் புடிச்சிக்கிச்சு. நல்லா அழுத்தி விடு." பார்த்தால் இடது கால் மட்டும் வீங்கிச் சிவந்திருந்தது. பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே சூடு. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அழுத்துவது ஆபத்து என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். "நான் கை வைக்க மாட்டேன்க்கா. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன். "ஒரு காலைப் புடிச்சு விடத் தெரியல, இதுல போர்டு வேற" என்று திட்டிக்கொண்டே படியிறங்கினார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி, ஆட்டோவில் ஏற்றி நானே கூட்டிப்போனேன். ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. அழுத்தியிருந்தால் அது நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்றார் டாக்டர். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டு, டாக்டரும் சரி என்ற பிறகு, ஒரு நாள் காலையில் படியேறி வந்தார். "தொடாம அனுப்பிச்சியே, அதுக்குத்தான் உங்கிட்ட வந்திருக்கேன். காலை வுடு, தோளைப் பாரு."

ஆறு மாதம் படித்து வாங்கிய சான்றிதழைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் குப்புறப் படுத்தோ கண்ணை மூடியோ தூங்கிவிடுவதால், இதுவரை ஒருவரும் அதைப் படித்ததில்லை.