சோமர் பாரம் கூட்டிய அம்புகள்

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து, மாதா கோயில் கார் தரிப்பிடத்தில் நின்று மீன் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். கைத்தொலைபேசி அடித்தது. திரையில் சோமரின் பெயர். எடுத்தவுடனேயே, "என்ன சோமர், மரக்கறி ரோல்ஸ் முடிஞ்சுது. மீன்தான் கிடக்கு, பார்சல் கட்டட்டோ?" என்று கேட்டேன். மறுபக்கத்தில் அவருடைய மகள், "அங்கிள், இட்ஸ் மீ. டாட் பாஸ்ட் அவே திஸ் மார்னிங்" என்றாள்.

நான் நம்பவில்லை. சோமரும் நானும் ஒருவரை ஒருவர் ஏமாற்றியே நட்பு வளர்த்தவர்கள். ஒருமுறை காட்டிலாகா அதிகாரி மாதிரி இங்கிலீசில் பேசி, என்னுடைய வேட்டை லைசன்சை ரத்துச் செய்துவிட்டதாகச் சொல்லி அரை நாள் என்னை அலைய விட்ட மனுஷன் அவர். இப்போது மகளையும் கூட்டுச் சேர்த்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். "பகிடி காணும் பிள்ளை, கொப்பரிட்ட ஃபோனைக் குடு" என்றேன். அவள் அழத் தொடங்கினாள். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம். மிச்ச ரோல்சை அப்படியே கடதாசியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். ஏன் அங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. சட்டையில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை.

சோமசுந்தரத்தை அறிந்த உங்களில் பலருக்கு அவரைக் கிளென் வேவர்லிக்காரராக, என்ஜினியராக, தைப்பொங்கல் விழாவில் மைக் பூட்டுகிறவராகத் தெரியும். எனக்கு அவர் வில்லுக் கழகத்துச் சோமர். ஒரே வயது, ஒரே தொந்தி. அவர் திருச்சிப் பக்கம், பெரிய படிப்பு. நான் மன்னார்க் கரை, ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். இங்கே மல்கிரேவில் ஒரு சாமான் கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து நின்று தமிழ் பேசினால் கழகத்து வெள்ளைக்காரர்கள் இரண்டு பாஷை என்று நினைப்பார்கள்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கடைக்காரன் சொன்னால், இரண்டையும் புரட்டித் திகதி வாசித்துவிட்டுத்தான் கூடையில் போடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, முட்டை கூடத் தொடாத ஒரு சைவக்காரர் மான் வேட்டைக்கு வருகிறேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

நான் பகிடிக்குத்தான் கூப்பிட்டேன். "சோமர், வாற சனிக்கிழமை மலைக்குப் போறன், மரை பார்க்க. வாறியளோ?" என்றேன். "மரையா? அது கடமான்யா" என்றார் முதலில். பிறகு, "ஆமா, வர்றேன்" என்றார். வந்தார். வில் இல்லாமல் வந்தார். கையில் ஒரு பிளாஸ்க், கழுத்தில் தூரக்கண்ணாடி. "ஒரு காலத்துல வெள்ளைக்காரன் நம்ம பக்கத்துலேர்ந்து கப்பல்ல கொண்டுவந்து விட்ட கூட்டம்யா இது. விசா இல்லாம வந்து நம்மளுக்கு முன்னாடியே செட்டில் ஆயிடுச்சு. சும்மா போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றார். ஆறேழு வருஷம் அப்படித்தான் சும்மா பார்க்க வந்தார்.

சும்மா வந்தவர் அம்பிலே கை வைத்தார். அங்கேதான் என் சந்தேகம் முளைத்தது.

என்னுடைய வில் பழைய மாதிரி வில். சக்கரம் இல்லை, குறி பார்க்கும் கருவி இல்லை, மரமும் நாணும்தான். ஐம்பது ராத்தல் இழுவை, அதாவது நாணை முழுதாக இழுக்க அவ்வளவு பலம் வேண்டும். அம்பின் எடையைக் கிரெய்ன் என்ற மிகச் சின்ன அளவில் சொல்வார்கள். ஒரு ராத்தல் இழுவைக்குப் பத்துக் கிரெய்ன் என்பது எங்கள் கழகத்தில் வழக்கமான கணக்கு. அப்படிப் பார்த்தால் எனக்கு ஐந்நூறு போதும். கழகத்தில் என் தோஸ்து, எங்கள் ஊர்ப் பெடியன் யூஜின், அதிலும் குறைத்துத்தான் போடுவான். அவனுடைய அம்பு விர்ரென்று நேராகப் போகும். சோமரோ என்னுடைய அம்புத் தண்டுக்குள், முனைக்குப் பின்னால், பித்தளைத் துண்டு வைத்துத் திருகினார். நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு குட்டித் தராசு அவரிடம் இருந்தது. அதில் அம்பைப் படுக்க வைத்து, "ஐந்நூத்தி அம்பது. பர்ஃபெக்ட்" என்பார். கண்ணாடி போடாமல் எனக்கு அந்த இலக்கம் தெரியாது. அவர் சொன்னதுதான் எடை.

அந்த அம்பு கிட்டத்தில் நன்றாகத்தான் போகும். கொஞ்சம் தள்ளி நின்றால் வயிறு முட்டச் சாப்பிட்டவன் மாதிரித் தொய்ந்து புல்லில் குத்தும். யூஜின் சிரிப்பான். "அண்ணே, அந்தாள் மானின்ர ஆள். உங்களுக்குத் தெரியேல்லையோ? சைவக்காரன் அம்பு செய்தால் அது எங்கண போகும்?" என்று ஒருநாள் காதில் போட்டான். போட்டது போட்டதுதான். அதன்பிறகு சோமர் எதைச் செய்தாலும் எனக்கு அதே கண்தான். ஒரு சனிக்கிழமை ஆண் மரை, பெரிய கொம்பன் ஒன்று, ஓடைக்கு அந்தப் பக்கம் ஆடாமல் அசையாமல் நின்றது. சோமர் காலடியில் ஒரு சுள்ளி முறிந்தது. கொம்பன் போயே போய்விட்டது. "சாரிய்யா, பார்க்கலை" என்றார். இத்தனை வருஷம் காட்டுக்குள் பூனை மாதிரி நடக்கிற மனுஷனுக்கு அந்தச் சுள்ளி மட்டும் எப்படித் தெரியாமல் போனது?

சோதித்துப் பார்ப்போம் என்று ஒருமுறை யூஜினிடம் லேசான அம்புகள் வாங்கி, என்னுடைய அம்புக்கூட்டுக்குள் கலந்து வைத்தேன். காரை நிறுத்தி இறங்கியதும் சோமர் ஒரு அம்பை உருவினார். உள்ளங்கையில் வைத்து, காய் வாங்குகிறவர் மாதிரி ஒரு தடவை தூக்கிப் பார்த்தார்.

"இது யாரு அம்பு?"

"என்ர அம்புதான்."

"அந்தோணி, பொய் சொல்றதுக்கும் ஒரு எடை வேணும்யா. யாரு அம்பு?"

சொன்னேன். மனுஷன் திரும்பவும் காருக்குள் ஏறி, பெல்ட்டும் போட்டுக்கொண்டார். "இதை வெச்சுக்கிட்டு நீ போறதா இருந்தா, நான் இங்கேயே காபி குடிச்சிட்டு உக்காந்திருக்கேன்" என்றார்.

"ஏன் சோமர் இவ்வளவு கோபம்? வேகமாப் போற அம்புதானே நல்லது?"

"நீ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவன்தானே? வெறும் வண்டி பிரேக் போட்டா நிக்குது. பாரம் ஏத்தின வண்டி உடனே நிக்குமா? அதே கதைதான். லைட் அம்பு எலும்புல பட்டா நின்னுடும். வில்லும் சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கே மான் துள்ளிடும், நீ குறி வெச்ச இடம் ஒண்ணு, படற இடம் ஒண்ணு. பாதி அம்பை உடம்புல தூக்கிக்கிட்டு அது மலை தாண்டி ஓடும். எங்கயோ புதருக்குள்ள ராத்திரியெல்லாம் கிடந்து சாகும். நீ வீட்ல சோறு தின்னுக்கிட்டிருப்பே."

நான் யூஜினின் அம்புகளைக் காரின் பின்பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். ஆனாலும் விடவில்லை. நடக்கும்போது நேராகவே கேட்டேன். "சோமர், உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் மானின்ர ஆளோ, என்ர ஆளோ?"

அவர் சிரித்தார். "தராசு பொய் சொல்லாதுய்யா" என்றார். இது ஒரு பதிலா? இல்லையே. அதனால் சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பருத்தது.

பிறகு ஒரு குளிர்காலத்தில் பெண் மரை ஒன்று பன்னச் செடிகளுக்குள்ளிருந்து எங்களுக்கு மிகக் கிட்ட வெளியே வந்தது. அதன் மூக்கு ஈரம்கூடத் தெரிந்தது. நாணை விட்டேன். வில் சத்தமே போடவில்லை. அம்பு இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்து பின்னாலிருந்த மண்திட்டில் குத்தி நின்றது. அந்த மரைக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. யாரோ கூப்பிட்ட மாதிரித் திரும்பிப் பார்த்தது, கொஞ்சம் நடந்தது, படுத்தது. அவ்வளவுதான். நான் துள்ளிக் குதித்துக்கொண்டு திரும்பினேன். சோமர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதன் மூச்சு அடங்கும்வரை கிட்டப் போகவில்லை.

இறைச்சியைப் பிரித்துக் கட்டியதும், ஒரு பெரிய தொடையை அவரே முதுகில் ஏற்றிக்கொண்டார். எனக்குத் திரும்பவும் சந்தேகம். "சாப்பிடாத ஆள் ஏன் சுமக்கிறியள்?"

"சாப்பிடாதவன் சுமக்கக் கூடாதுன்னு எங்கயாவது சட்டம் இருக்கா?" என்றார். கார்வரை ஏற்றம். ஒரு இடத்திலும் இறக்கி வைக்கவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்தபின் ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி மீனாட்சி கதவைத் திறந்தார். எனக்கு உள்ளூர ஒரு பயம். சோமர் மலைக்கு வருவதை வீட்டில் என்னவென்று சொல்லியிருப்பார்? நடைப்பயிற்சி என்றா? பறவை பார்க்க என்றா? நான் வாய் தவறி ஏதும் உளறிவிடக் கூடாது என்று கதிரையின் நுனியிலேயே இருந்தேன். அவரே பேச்சை எடுத்தார்.

"அண்ணா, அவர் உங்ககூட எங்க வருவார்னு எனக்குத் தெரியும். எங்கிட்ட சொன்னதில்லை. ஆனா தெரியும்."

"எப்பிடித் தங்கச்சி?"

"மலைக்குப் போயிட்டு வந்தா சில நாள் முன் வாசல் பக்கமே வர மாட்டார். பின் பக்கமா வந்து, துணியெல்லாம் ஊற வெச்சு, தலைக்குக் குளிச்சிட்டுத்தான் உள்ள வருவார். சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா செய்வோமே, அது மாதிரி. எந்த மனுஷனாவது வாக்கிங் போயிட்டு வந்து அப்படிக் குளிப்பானா?"

அவர் தொடர்ந்தார்.

"சில நாள் நேரா முன் வாசல் வழியா வந்து, ஷூவைக்கூடக் கழட்டாம, 'மீனா, காபி'ன்னு குரல் குடுப்பார். குளியல் இல்லை, ஒண்ணும் இல்லை. அன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருப்பார். வாய் ஓயாது."

அவர் காபி கேட்டது எந்தெந்த நாட்கள் என்று எனக்கு உடனே தெரிந்தது. நான் வெறுங்கையோடு, வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டு கார் ஓட்டி வந்த நாட்கள் அவை. பக்கத்துச் சீட்டில் இருந்து, "விடுய்யா அந்தோணி, அடுத்த வாட்டி பார்த்துக்கலாம்" என்று எனக்கு ஆறுதல் சொன்ன அதே நாட்கள்! யூஜின் சொன்னது சரியோ?

மீனாட்சி கராஜுக்குள் போய் மூன்று அம்புகளோடு வந்தார். "இது உங்களுதுன்னு நினைக்கிறேன். அவர் போறதுக்கு முந்தின வாரம்கூட உக்காந்து ஒட்டிக்கிட்டிருந்தார்." என்னுடையவைதான். நான் சிவப்பு இறகு கேட்டேன், அவர் ரோஸ் இறகு ஒட்டியிருந்தார். என்னைப் பகிடி பண்ண அவருக்கு அது கடைசிச் சந்தர்ப்பம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் தவற விடவில்லை.

அடுத்த நாளே கழகத்துக்குப் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கழகத்துத் தராசில் அவற்றை வைத்தேன். ஐந்நூற்று ஐம்பது இல்லை. அறுநூற்றைம்பதையும் தாண்டி நின்றது. என்னிடமிருந்த பழைய அம்புகளையும் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பருவத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பித்தளை கூடிக்கொண்டே வந்திருக்கிறது. எடை கூடக் கூட அம்பு போகும் தூரம் குறையும். நான் ஆண்டுக்கு ஆண்டு இன்னும் கிட்டப் போக வேண்டியிருந்ததற்கு வயதைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். தராசு பொய் சொல்லவில்லைதான். பார்த்து வாசித்த மனுஷன் சொல்லியிருக்கிறார்.

யூஜின் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னனான்" என்றான். ஓம், சொன்னவன்தான். ஆனால் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. பட்டால் ஒரே மூச்சில் முடியட்டும் என்று பாரம் கூட்டினாரா? படாமலே போகட்டும் என்று கூட்டினாரா? இரண்டும் ஒரே பித்தளைத் துண்டுதான். கேட்க ஆள் இல்லை. இருந்தாலும் ஒழுங்கான பதில் சொல்லியிருக்கவா போகிறார்?

யூஜின் குறடு எடுத்து நீட்டினான், பித்தளையைத் திருகிக் கழற்றச் சொல்லி. நான் வாங்கவில்லை.

போன சனிக்கிழமை தனியாக மலைக்குப் போனேன், அந்த மூன்று அம்போடு. ஓடைக்கு அந்தப் பக்கம் கொம்பன் ஒன்று வந்து நின்றது. பழைய கொம்பனாகவே இருக்கலாம், அதையும் நான் நிச்சயமாக நம்பமாட்டேன். யூஜினின் அம்பாக இருந்தால் அங்கே போய்ச் சேரும். சேர்ந்து என்ன செய்யும் என்பது வேறு கதை. என் கையிலிருந்த அம்பு பாதி வழியில் தண்ணீருக்குள் இறங்கிவிடும். இன்னும் கிட்டப் போக வழியும் இல்லை. வில்லைத் தாழ்த்தினேன். அது புல்லை மென்று முடித்து, தன்பாட்டில் ஏறிப் போயிற்று. இந்தமுறை ஒரு சுள்ளியும் முறியவில்லை.

சோமரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பாரத்தைத்தான். கழற்றப் போவதில்லை.

திரும்பி வரும்போது காரை என் வீட்டுக்குத் திருப்பாமல் கிளென் வேவர்லிக்கு விட்டேன். முன் வாசலில் மணி அடித்தேன். கால் சப்பாத்தில் மலைச் சேறு. மீனாட்சி கதவைத் திறந்து, என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"மலையிலேர்ந்தா அண்ணா?"

"ஓம் தங்கச்சி. நேரா வாறன்."

"குளிக்கலையா?"

"குளிக்கத் தேவை வரேல்லை."

அவர் உள்ளே போய்க் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்தார்.