இருபது பேருடைய தப்பு தேவை

அடுத்தவர் செய்கிற தப்பைத் திருத்தாமல், ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல், அப்படியே அள்ளிக் கம்ப்யூட்டருக்குள் போட்டுவைப்பதுதான் என் தொழில். நாட்டில் தப்புக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். ஆராய்ச்சி என்ற பெயரில் படிவம் தூக்கிக்கொண்டு வீதி வீதியாக அலைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்கள் கேட்க மாட்டார்கள். மனுசர்கள் காப்பி கொடுப்பார்கள், கல்யாணப் பத்திரிகை கொடுப்பார்கள், தான் செய்த தப்பை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். தமிழ் பேசுகிறவர்கள் வளர்ந்தபிறகு பிரெஞ்சு படித்தால் இலக்கணத்தில் எங்கெங்கே வழுக்குகிறார்கள் என்று கம்ப்யூட்டரை வைத்துக் கண்டுபிடிப்பது என் முனைவர் பட்ட ஆய்வு. ஆறாவது வருசம் ஓடிக்கொண்டிருந்தது. புதுச்சேரியில் இருக்கிற என் நெறியாளர் கடைசியாக ஒரு மெயில் போட்டார்: இருபது பேர், ஆளுக்கு நாலு கட்டுரை, பொங்கலுக்குள் வராவிட்டால் கால நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். கையெழுத்து இல்லையென்றால் ஆறு வருசமும் தண்ணீரில் போட்ட உப்பு. பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான சிலமலைக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்தில் போடியில், ஒரு ஏலக்காய்க் கடை மாடியில், கனடா போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஜெயராணி டீச்சர் பிரெஞ்சு வகுப்பு நடத்துகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

வீட்டில் விளக்கம் கொடுத்தது

வந்த அன்றைக்கே சித்தப்பா பிடித்துக்கொண்டார். தக்காளித் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு வந்த கையோடு, "அப்படி என்னதான் சோலி பாக்குற, வெவரமாச் சொல்லு" என்று உட்கார்ந்துவிட்டார். நானும் மெனக்கெட்டுச் சொன்னேன். நம் ஆட்கள் பிரெஞ்சில் தப்பு விடுவார்கள், அதை நான் சேர்ப்பேன், கம்ப்யூட்டர் எண்ணும், வகை பிரிக்கும், எந்தத் தப்பு எத்தனை மாசத்தில் போகிறது என்று சொல்லும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சித்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"தப்பைத் திருத்தத்தானே ஆத்தா இவ்வளவு படிக்க வச்சோம். எண்ணுறதுக்கா?"

ஞாயிற்றுக்கிழமை கடற்கரை

மாடி வகுப்பில் சரியாக இருபது பேர் இருந்தார்கள். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. "என் குடும்பம்" என்று தலைப்புக் கொடுத்து, உங்கள் இஷ்டத்துக்கு எழுதுங்கள், தப்பு வந்தால் ரொம்ப நல்லது என்று சொல்லிவிட்டு, கீழேயிருந்து வந்த ஏலக்காய் வாசத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் திணறவில்லை. கால் மணி நேரத்தில் இருபது தாளும் கைக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து படித்தால் தலை சுற்றியது. இருபது பேருடைய அப்பாவும் டாக்டர். இருபது வீட்டிலும் ஒரு வெள்ளை நாய். இருபது குடும்பமும் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகிறது. போடியிலிருந்து! டீச்சர் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யவைத்த கட்டுரையைத்தான் எல்லாரும் இறக்கிவைத்திருந்தார்கள். ஒரு தப்பு இல்லை. கம்ப்யூட்டரில் போட்டால், இது அத்தனையும் ஒரே ஆள் எழுதியது என்று அடித்துச் சொன்னது.

மறுநாள் முன் வரிசையில் இருந்த பிரின்சியைக் கேட்டேன். மலை மேலே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "உங்கப்பா டாக்டரா?" "இல்ல மேடம், ஏலத்தோட்டத்துல கங்காணி." "அதை எழுத வேண்டியதுதானே?" அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

"உள்ளதை எழுதினாத்தான் மேடம் தப்பு வருது."

கடைசி நொடி முருகேசன்

கட்டுரை கைவிட்டதால் பொத்தானுக்கு மாறினேன். பிரெஞ்சில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால். திரையில் ஒரு சொல் வரும், ஐந்து நொடிக்குள் இரண்டு பொத்தானில் ஒன்றை அமுக்க வேண்டும். எவ்வளவு நேரம் தயங்குகிறார்கள் என்பதை வைத்து, அந்தச் சொல் மனசில் பதிந்துவிட்டதா, இல்லை, குத்துமதிப்பா என்று நான் எழுதிய கம்ப்யூட்டர் நிரல் கண்டுபிடித்துவிடும்.

முருகேசன் அண்ணன் உட்கார்ந்தார். ஏலக்காயை ஏலம் விடுகிற மையத்தில் ஒரு வியாபாரிக்காக விலை கேட்கிறவர், கனடாவிலிருந்து மச்சான் கூப்பிடுகிறான் என்று பிரெஞ்சு படிக்க வந்தவர். நாற்பது சொல்லுக்கும் நாற்பது பதிலும் சரி. ஆனால் ஒவ்வொன்றையும் ஐந்தாவது நொடி முடிய மயிரிழை இருக்கும்போதுதான் அமுக்கினார். முகத்தில் ஒரு சலனம் கிடையாது. நிரல் குழம்பிப்போய், இவருக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் பதியவில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டது. "தெரிஞ்சா உடனே அமுக்க வேண்டியதுதானே அண்ணே?" என்றேன். ஏல மையத்திலும் விலை கேட்பது பொத்தானை அமுக்கித்தானாம். தொழிலே அதுதான் கற்றுக்கொடுத்ததாம்.

"மொதல்ல அமுக்குறவன் ஆசையக் காட்டிட்டான்னு அர்த்தம் மேடம்."

ஜீப்புக்குள் பிரெஞ்சு

பேச்சும் கொஞ்சம் வேண்டியிருந்தது. பிரின்சிக்கு நேரமே இல்லை, காலையில் போடிமெட்டு போகிற ஜீப்பில் வந்தால் பேசுகிறேன் என்றாள். போனேன். வேலைக்குப் போகிற பெண்கள் பதினோரு பேர், டிபன் வாளிகள், நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான். வழியில் பார்க்கிறதைப் பிரெஞ்சில் சொல் என்றேன். மூன்றாவது வளைவு வரைக்கும் பிரின்சி மட்டும் பேசினாள். அப்புறம் பின்னால் இருந்தவர்கள், "மரத்துக்கு என்னா?", "கொரங்குக்கு என்னா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஏழாவது வளைவில் ஜீப்பே சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக்கொண்டிருந்தது, தமிழ் கொஞ்சம், மலையாளம் கொஞ்சம், பாக்கி பிரெஞ்சு. "வெரசாச் சொல்லு தாயி, மெட்டு வந்துரும்" என்று ஒரு அம்மா என் நர்ஸை விரட்டினார்.

பதிவைக் கேட்ட நிரல், தொடக்க நிலையில் பன்னிரண்டு மாணவர்கள் என்று அறிக்கை கொடுத்தது. இறங்கும்போது டிரைவர் ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"இன்னும் ரெண்டு டிரிப்பு அடிச்சா நானே கனடா போயிருவேன் போல."

ஈஸ்வரியக்கா சுத்தம் செய்தது

கெஞ்சிக் கூத்தாடி, மனப்பாடம் செய்ய முடியாத தலைப்பாகக் கொடுத்து, நாலு மாசத்தில் ஆளுக்கு நாலு கட்டுரை வாங்கிவிட்டேன். எண்பது கட்டுரை! தப்பு என்றால் தப்பு, அப்படி ஒரு தப்பு. படிக்கப் படிக்க மனசு குளிர்ந்தது. இதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஈஸ்வரியக்காவைப் பிடித்தேன். ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலை. மகளுக்குத் துணையாகப் போன வருசம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தவர். மகள் பாதியில் நின்றுவிட்டாள், இவர் நிற்கவில்லை, வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார்.

இரண்டு வாரத்தில் கொண்டுவந்து கொடுத்தார். திறந்து பார்த்தேன். எண்பது கட்டுரையிலும் ஒரு தப்பு இல்லை. ஒன்றுகூட இல்லை! பளபளவென்று பிரெஞ்சு. "அக்கா, தப்பெல்லாம் எங்கக்கா?" என்றேன். "சொத்தையும் சொள்ளையுமாவா மேடம் லோடு ஏத்துறது? எல்லாத்தையும் பொறுக்கிட்டேன்" என்றார் பெருமையாக. அசல் தாள்களைக் கேட்டேன். முடிந்ததும் டீச்சரிடம் கொடுத்தாராம், டீச்சர் கீழ்க் கடைக்குக் கொடுத்தாராம், கடைக்காரர் மாதிரிக் காயைப் பொட்டலம் மடிக்க எடுத்துக்கொண்டாராம். பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது. நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன், மூக்கைச் சிந்தி அழுதேன்.

ஈஸ்வரியக்காவுக்கு நான் எதற்கு அழுகிறேன் என்றே புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

"கழிவைத் தூரப் போடுவாங்களா மேடம்? அதுக்குந்தானே சந்தையில ஆளு இருக்கு!"

நாலு சாக்கு

நோட்டில் அத்தனை தப்பும் இருந்தது. யார் எழுதியது, எத்தனையாவது கட்டுரை, தப்பான வாக்கியம், பக்கத்தில் நல்ல வாக்கியம். அது மட்டுமில்லை, நோட்டை நாலாகப் பிரித்து ஸ்டோர் பாஷையில் தலைப்புப் போட்டிருந்தார். வெடித்தது என்றால் நடுவில் பிளந்துபோன வாக்கியம். பூச்சி என்றால் ஒரு சொல்லில் விழுந்து அடுத்தடுத்த சொல்லையும் அரித்துக்கொண்டு போகிற தப்பு. வெளுத்தது என்றால் இலக்கணம் சரி, ஆனால் எந்தப் பிரெஞ்சுக்காரனும் அப்படிப் பேச மாட்டான். கடைசி வகை பிஞ்சு. விட்டால் தானாகவே சரியாகிவிடுமாம், திருத்த வேண்டாமாம்.

இந்தக் கடைசி வகையில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்தத் தப்பு தானாகப் போகும் என்று கண்டுபிடிக்கத்தானே நான் ஆறு வருசமாக நிரலோடு மல்லுக்கட்டுகிறேன்! முதல் கட்டுரையில் அவர் பிஞ்சு என்று ஒதுக்கியதை எல்லாம் நாலாவது கட்டுரையோடு ஒப்பிட்டு ஓடவிட்டேன். அநேகமாக எல்லாமே, யாரும் திருத்தாமலே மறைந்திருந்தன. என் நிரல் அதே வேலையில் பாதிக்குப் பாதி கோட்டைவிட்டது. எப்படியக்கா கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். நிரலுக்கு என்னென்னவோ சூத்திரம் எழுதியவள் நான்.

"கையில எடுத்தாத் தெரியாதா மேடம்?"

முருகேசன் வாபஸ்

எல்லாம் கூடி வந்தபோது முருகேசன் அண்ணன் வந்து நின்றார். நான் ஆரம்பத்தில் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தை விரித்து, "பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்" என்ற வரியில் விரலை வைத்தார். அந்த வரியை எழுதியதும் நான்தான். கெஞ்சினேன், பேர் வராது, நம்பர்தான் வரும் என்றேன். மனுசன் அசையவில்லை. பத்தொன்பது பேர் ஆகிவிட்டது. பொங்கலுக்கு ஒன்பது நாள்.

"நான் விட்ட தப்பெல்லாம் பத்திரமா ஒரு எடத்துல இருக்குன்னு தெரிஞ்சா, ஏலத்துல எவன் மேடம் என்னைக் கண்டு பயப்படுவான்?"

இருபதாவது ஆள்

ஈஸ்வரியக்காவையே இருபதாவதாகச் சேர்க்கலாமா என்று நெறியாளரைக் கேட்டேன். தப்பைப் பிரிக்கிறவரே தப்பு விட்டவராகவும் இருக்கக்கூடாது என்று பதில் வந்தது. இன்னொரு ஆளைப் பிடித்து நாலு மாசம் எழுதவைக்க நேரமில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். வருசா வருசம் நெறியாளருக்கு நான் பிரெஞ்சில் எழுதி அனுப்புகிற ஆய்வுச் சுருக்கம் ஐந்தையும் ஈஸ்வரியக்காவிடம் கொடுத்து ஒரே கோப்பாக அடித்துத் தரச் சொல்லியிருந்தேன். அதைக் கொண்டுவந்தவர் கூடவே அந்த நோட்டையும் நீட்டினார். பார்த்தால் புதிதாக நாலு பக்கம். வெடித்தது, பூச்சி, வெளுத்தது, பிஞ்சு. அத்தனையும் என்னுடையது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "இதெல்லாம் பிஞ்சுதானே அக்கா?" என்று சமாளித்தேன். "அப்படித்தான் மேடம் நானும் ஒதுக்கிப் பாத்தேன். பிஞ்சுன்னா முத்தணும்ல? உங்களுது அஞ்சு வருசமா முத்தலையே" என்றார். சொல்லிவிட்டு, ஆய்வில் யாரைச் சேர்க்கலாம் என்ற விதிமுறைத் தாளை எடுத்து நிதானமாக வாசித்தார். தாய்மொழி தமிழ். வளர்ந்தபிறகு பிரெஞ்சு படித்தவர். பிரெஞ்சு பேசும் நாட்டில் வசிக்காதவர். குறைந்தது நாலு கட்டுரை. "எல்லாம் பொருந்துது. ஏன் மேடம் வெளிய ஆளு தேடுறீங்க?"

ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன், மானமா கையெழுத்தா என்று. காலையில் உள்ளதை உள்ளபடி எழுதி, நாலு பக்கத்தையும் படம் எடுத்து, நெறியாளருக்கு அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. இத்தனை வருசத்தில் அவர் இவ்வளவு வேகமாகப் பதில் போட்டதே இல்லை.

"சேர்த்துக்கொள்ளலாம், நீட்டிப்புக்குக் கையெழுத்திட்டுவிட்டேன், ஐந்து ஆண்டுகளில் எந்த முன்னேற்றமும் காணப்படாத கற்பவர் இவர் ஒருவரே என்பதால், இவரைப் பற்றித் தனி அத்தியாயம் எழுதவும்."

ஆக, ஈஸ்வரியக்காவின் நோட்டு, ஜெயராணி டீச்சரின் மாடி, பத்தொன்பது பேருடைய பெருந்தன்மை என்று எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால், இந்த ஆராய்ச்சிக்கு நானாகச் சொந்தமாகக் கொடுத்தது அந்த இருபதாவது ஆளின் தப்பு மட்டும்தான்.