ரிஃபாம்பிசினும் என் அரைப் பாடமும்

"இப்பக் கலரெல்லாம் சரியாப் போச்சுங்க மேடம். ஒண்ணுக்குப் பழையபடி நல்லாப் போகுதுங்க" என்று முருகேசன் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினை ஒழுங்காகச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில்தான் போகும். நிறம் மாறிவிட்டது என்றால் மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை.

முருகேசன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். வீடு எருமப்பட்டிப் பக்கம். நான் அந்த வட்டாரத்துக் காசநோய் சிகிச்சை மேற்பார்வையாளர். ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய், நோயாளிகள் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. பாடம் நடத்துவது என் வேலையில் இல்லை. ஆனால் சேலத்தில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து என் வாய் சும்மா இருக்கவில்லை.

போன முறை அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இந்த மாத்திரை என்னதானுங்க பண்ணுது?"

கிருமியைக் கொல்லும் என்று சொல்லியிருந்தால் போதும். நான் டி.என்.ஏ.வில் ஆரம்பித்தேன்.

"உங்க பட்டறையில ஒரிஜினல் டிராயிங்க ஓனர் வெச்சுக்கிட்டு, உங்களுக்கு ஜெராக்ஸ்தான குடுப்பாரு? கிருமிக்குள்ளயும் அப்பிடித்தான் சாமி. டி.என்.ஏ. ஒரிஜினல். ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்னு ஒண்ணு அதப் பாத்து எழுத்தெழுத்தாப் படியெடுக்கும். அந்தப் படிதான் தூது ஆர்.என்.ஏ. அதுல இருக்கறபடிதான் கிருமி புரதம் செய்யும். புரதமில்லீன்னா கிருமி பொழைக்காது. ரிஃபாம்பிசின் போயி அந்தப் பாலிமரேஸ்ல ஒக்காந்துக்கும். ரெண்டு மூணு எழுத்து எழுதுனதும் படி முட்டி நின்னுரும்."

முருகேசனின் கண்கள் விரிந்தன. என் திறமையைப் பார்த்துத்தான் என்று நினைத்தேன்.

"நம்ம ஒடம்புலயும் இப்பிடிப் படியெடுக்குதுங்களா?"

"பின்ன? எல்லா உசுருக்கும் இதேதான்!" என்று முத்தாய்ப்பு வைத்து, அவர்கள் கொடுத்த மோரையும் குடித்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டாராம். ஏன் என்று இப்போது கேட்டேன்.

"எனக்கும் படி நின்னு போயிருமில்லீங்க? இப்பத்தான் கண்ணாலம் ஆயிருக்குது. நாளைக்குப் புள்ளகுட்டி பொறக்க வேண்டாங்களா?" என்றார்.

அவர் மனைவி கோமதி பக்கத்தில் நின்று, "நீங்க சொன்னீங்கன்னுதானுங்க நிறுத்துனாரு" என்றாள்.

மருந்து நம் உடம்பின் படியெடுப்பை ஏன் நிறுத்தாது என்று எனக்குத் தெரியாது. பயிற்சியில் அதையும் சொல்லியிருப்பார்கள். நான் அப்போது பக்கத்து நாற்காலிக்காரியிடம், மதியம் பிரியாணி உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அந்தம்மா பொறுமையாகக் கேட்டார்.

"முருகேசன், கிருமியோட பாலிமரேஸும் நம்மளோடதும் செய்யற வேலை ஒண்ணுதான். ஆனா அமைப்பு வேற. கிருமியோடதுல இருக்கற ஒரு பள்ளத்துலதான் இந்த மருந்து போய்ப் பொருந்தும். நம்மளோடதுல பொருந்தாது. பயப்படாம சாப்பிடுங்க."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மேடம், அவரைக் கையோட கூட்டிட்டு வாங்க. சளியை மறுபடி டெஸ்ட் பண்ணணும்" என்றார்.

எதற்கென்று எனக்குத் தெரியும். மருந்தை நடுவில் விட்டால், பாலிமரேஸின் அந்தப் பள்ளம் உருமாறிய கிருமிகள் பெருகிவிடலாம். அதன் பிறகு ரிஃபாம்பிசின் ஒட்டாது. வேறு மருந்து, கூடுதல் அவதி. ரிசல்ட் வரும்வரை ஆஸ்பத்திரி பெஞ்சில் முருகேசன் நிம்மதியாகத் தூங்கினார். நான் என் வாயைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரிப்போர்ட்டோடு வெளியே வந்த டாக்டர் சிரித்தார். "மருந்து கேக்குது மேடம். உங்க பாடந்தான் கேக்கல."

முருகேசன் மறுபடி ஆரம்பித்து, ஒருநாள் விடாமல் சாப்பிட்டு, முழுக்கக் குணமானார்.

நான் பாடம் நடத்துவதை விட்டுவிடவில்லை. விட முடியவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் முடித்ததும் மோருக்குக் கை நீட்டுவதில்லை. "நான் சொன்னதுல என்ன புரிஞ்சுதுன்னு இப்ப நீங்க சொல்லுங்க சாமி" என்று கேட்கிறேன். சிலர் திருப்பிச் சொல்வதைக் கேட்டால், அந்த மாத்திரையைத் தொட எனக்கே பயமாக இருக்கும். இன்னொரு தரம் முதலிலிருந்து சொல்கிறேன்.