சோப்பு தேய்த்த பெல்ட்

எதிர்வீட்டுச் செல்வி அக்காவின் பழைய கார், காலையில் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் கீச்சென்று கத்தும். மெர்லிமாவில் எங்கள் வீட்டு வரிசைக்கே அது கேட்கும்.

"சனிக்கிழம வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகணும்" என்றார் அக்கா.

"எதுக்குக்கா? இஞ்சின் பெல்ட்டுதான் வழுக்குதுலா. நான் பார்க்கிறேன்." மூன்று வீடியோ பார்த்திருந்த தைரியம் எனக்கு.

துணி சோப்பை பெல்ட்டின் உட்புறத்தில் தேய்த்தேன். சத்தம் நின்றது.

"இஞ்சினியரே, டீ குடிச்சிட்டுப் போ" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை சுங்கை ஊடாங்கில் அவருக்கு நேர்முகத் தேர்வு. ஆறு வருட ஒப்பந்த வேலைக்குப் பிறகு வந்த நிரந்தர வேலை வாய்ப்பு. ஆயர் குரோ அருகே பெல்ட் அறுந்து கார் நின்றுவிட்டது. போனில் அழைத்தார்.

"வேற வண்டி கூப்பிடாதீங்கக்கா, நான் வந்து சரி பண்ணிடுறேன்" என்றேன். மோட்டார் சைக்கிளில் போய் என்னென்னவோ செய்தும் முடியவில்லை. அதற்குள் தேர்வு நேரம் கடந்துவிட்டது.

வொர்க்‌ஷாப் அண்ணன், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். அது அசையவில்லை.

"பேரிங் போயிருச்சு. அதான் இத்தன நாளா கத்திருக்கு. சோப்பு போட்டு அது வாய அடச்சது யாரு?"

"நான்தாண்ணே" என்றார் செல்வி அக்கா.

"படிச்சவங்க செய்ற வேலையா இது?" என்று அவர் திட்டத் தொடங்கினார். அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேலை வேறு யாருக்கோ போனது. அக்கா அதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. சோப்பு தேய்த்தது அறியாமை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடிகிறது. போனைப் பார்த்துக்கொண்டு நின்றதற்குத்தான் இன்றுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை.