யாருங்க கடைசி?

சான் வெனேரியோ ஊரில் நுன்சியாவைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். வாயாடி என்பார்கள், கஞ்சம் என்பார்கள், பிடித்த பிடியை விடாதவள் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் ரோமுக்குப் போய் வந்த கதையை மட்டும் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. அவள் புருஷன் ரோக்கோ எனக்கு இரண்டு தடவை சொன்னான், இரண்டு தடவையும் ஒன்று போலவே சொன்னான். அதனால் நான் சொல்வதுதான் சரி.

ரோக்கோ முப்பது வருஷம் தீயணைப்பு வண்டியில் போனவன். புகையையும் சாம்பலையும் எரிந்து விழும் உத்திரத்தையும் பார்த்தே தலை நரைத்தவன். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது ஒரு வைக்கோல் கிடங்கில் ஏணி சரிந்து முழங்கால் போயிற்று. அதன் பிறகு சன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்ப்பதே வேலை. அவன் வாய்விட்டுச் சொன்ன ஆசை ஒன்றே ஒன்றுதான். ரோமில் பாந்தியோன் என்கிற வட்டக் கோயில் இருக்கிறதே, அதன் கூரை நடுவில் வானம் தெரிகிற மாதிரி பெரிய ஓட்டை. ஈஸ்டர் முடிந்து ஏழாம் வாரம் வருகிற பெந்தெகொஸ்து ஞாயிறன்று பூசை முடிகிற நேரத்தில் தீயணைப்புக்காரர்கள் கூரை மேல் ஏறி, அந்த ஓட்டை வழியாக மூட்டை மூட்டையாகச் சிவப்பு ரோஜா இதழைக் கொட்டுவார்கள்.

"என் தலைக்கு மேல எப்பவும் நெருப்புதான் விழுந்துச்சு. நம்ம ஆளுங்க கையால பூ விழுறத ஒரு தடவ கீழ நின்னு பாத்துட்டா போதும்" என்றான்.

ஒரு தடவைதான் சொன்னான். நுன்சியாவுக்கு அது போதும்.

அந்த வருஷம் முழுக்க அவள் புதுச் செருப்பு வாங்கவில்லை, முடி வெட்டக் கடைக்குப் போகவில்லை. மிச்சம் பிடித்ததைத் துணிப்பையில் போட்டு ரவிக்கைக்குள் ஊக்கு குத்தி வைத்துக்கொண்டாள். ரொட்டிக் கடையில் ரோக்கோவின் தங்கை தித்தீனா வழிமறித்தாள். அவள் போன வருஷம்தான் சுற்றுலாப் பேருந்தில் ரோமுக்குப் போய், காலைச் சாப்பாட்டோடு அறை கொடுக்கிற ஓட்டலில் தங்கி வந்தவள்.

"எவ்வளவு வச்சிருக்கீங்க அண்ணி?"

"பஸ் காசு போக நூத்தம்பது யூரோ."

"ஒரு ஆளுக்கா?"

"ரெண்டு பேருக்கும். ரெண்டு ராத்திரிக்கும்."

தித்தீனா கடையே அதிரச் சிரித்தாள். "அந்தக் காசுக்குக் கோயில் வாசப்படிய பாக்கலாம் அண்ணி. பூ விழுறத எங்கண்ணன் டிவில பாக்கட்டும்."

"உள்ள கூட்டிட்டுப் போயி அவனுக்குக் காட்டலேன்னா நான் உனக்கு அண்ணியே இல்ல, போ" என்று சொல்லிவிட்டு நுன்சியா நேற்றைய ரொட்டியைப் பாதி விலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு நடந்தாள். பயணத்துக்கு நேற்றைய ரொட்டிதான் நல்லது, நசுங்காது.

பெந்தெகொஸ்துக்கு முந்தின சனிக்கிழமை காலை பேருந்தில் ஏறினார்கள். மடியில் ஒரு மூட்டை. அதில் ரொட்டியைப் பிளந்து உருளைக்கிழங்கும் மிளகாயும் போட்ட முட்டை அடை வைத்து, துணியில் இறுகச் சுற்றியிருந்தாள். கூடவே காய்ந்த பன்றி இறைச்சிச் சுருள், ஒரு பாலாடைக்கட்டி உருண்டை. மூன்று நாளைக்கு அது போதும் என்பது அவள் தீர்மானம். வயிற்றைக் கேட்டு அவள் தீர்மானம் செய்வதில்லை.

தங்கியது ஒரு கன்னியர் மடத்தில். இரவு பத்தரைக்குக் கதவு பூட்டு, காலை ஆறுக்குத்தான் திறப்பு. அறையில் இரண்டு இரும்புக் கட்டில், நடுவில் சுவரில் பெரிய சிலுவை.

"கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் கழிச்சு நம்மள தனித்தனியா படுக்க வச்சுட்டாங்களே" என்றான் ரோக்கோ.

"உன் குறட்டை அவ்வளவு தூரம் இங்க வரைக்கும் கேட்டிருக்கும். பேசாம பெட்டிய வை."

மத்தியானம் முழுக்க நடந்தே சுற்றினார்கள். தாகம் எடுத்தால் தெருமுனை இரும்புக் குழாய். மூக்கு மாதிரி வளைந்திருக்கும் அதன் வாயை விரலால் அடைத்தால் மேல் துளை வழியாகத் தண்ணீர் எகிறி வரும், குனியாமல் குடிக்கலாம். ரோக்கோ முதல் தடவை சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டான். தீயணைப்புக்காரனுக்கே தண்ணீர் அடங்கவில்லை என்று நுன்சியா நடுத்தெருவில் நின்று சிரித்தாள். முழங்கால் வலித்தால் தேவாலய பெஞ்சு. ஒரு தேவாலயத்தில் மூலையிருட்டில் ஒரு பெரிய ஓவியம், காசு போட்டால்தான் விளக்கு எரியும். ரோக்கோ சட்டைப் பையில் கையை விட்டான். நுன்சியா அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்தாள்.

"கொஞ்சம் பொறு. யாராவது வருவாங்க."

வந்தார்கள். ஒரு ஜெர்மன்காரர் காசு போட்டார், விளக்கு எரிந்தது, படத்தில் இருந்த குதிரை வரை பார்த்தார்கள், அணைந்தது. இன்னொருவர் வந்தார், போட்டார். மூன்று ஜெர்மன்காரர்களுக்குள் அந்தப் படத்தை மூலை மூலையாகப் பார்த்து முடித்துவிட்டார்கள். மூன்றாவது ஆளுக்கு நுன்சியா தலையாட்டி நன்றிகூடச் சொன்னாள். மரியாதை தெரிந்தவள்.

மறுநாள் ஞாயிறு. மடத்துக் கதவு திறந்ததும் முதல் ஆளாக வெளியே வந்து, ஆறே முக்காலுக்கெல்லாம் வட்டக் கோயில் முன்னால் இருந்தார்கள். பெரிய தூண்களைச் சுற்றி அங்கங்கே இருபது பேர். வரிசை என்று ஒன்றும் இல்லை. ஒருவர் தூணில் சாய்ந்திருக்கிறார், ஒருத்தி ஜெபமாலை உருட்டுகிறாள், ஒருவர் செய்தித்தாள் படிக்கிறார்.

நுன்சியா நடுவில் போய் நின்று உரக்கக் கேட்டாள்: "யாருங்க கடைசி?"

செய்தித்தாள்காரர் கையைத் தூக்கினார். "நான்தான், சிஞ்ஞோரா. பேரு ஒத்தாவியோ."

"சரிங்கய்யா, உங்களுக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரு. உங்களுக்கு முன்னாடி யாரு?"

"அந்தப் பச்சைத் தொப்பி அம்மா."

பச்சைத் தொப்பியிடம் போனாள், அவளுக்கு முன்னால் யாரென்று கேட்டாள், அப்படியே முதல் ஆள் வரை போய் வந்தாள். அவள் வேலையே அது. எங்கள் ஊர் வைத்தியசாலையைப் பெருக்குகிறவள் நுன்சியா, இருபத்திரண்டு வருஷமாக. அங்கே சீட்டும் கிடையாது, எண்ணும் கிடையாது. வருகிறவர் "யாருங்க கடைசி" என்று கேட்டு, பதில் சொன்னவர் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம். ரொட்டி வாங்கலாம், சவரம் செய்யலாம். திரும்பி வரும்போது இடம் அப்படியே இருக்கும். சண்டை வந்தால் துடைப்பத்தை ஊன்றி நின்று நுன்சியா சொல்வதுதான் தீர்ப்பு.

அதனால் இடத்தைப் பிடித்த தைரியத்தில் ரோக்கோவைக் காப்பிக் கடைக்கு அழைத்துப் போனாள். அவன் நாற்காலியை இழுத்தான்.

"நாற்காலிய விடு. உக்காந்தா விலை மூணு மடங்கு. நின்னு குடி."

"முழங்கால் வலிக்குதுடி."

"குடிச்சிட்டு கோயிலுக்கு எதிர்ல அந்த நீரூற்றுப் படியில உக்காரு. அது ஓசி."

ஊற்றுப் படியில் உட்கார்ந்து முட்டை அடையைத் தின்றுகொண்டே, வருகிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கம், கண் தானாகப் பார்க்கும். இடம் போட்ட மற்ற உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான், ஆளுக்கொரு பக்கம் நிழல் தேடிப் போயிருந்தார்கள்.

எட்டு மணிக்கு ஒரு ஆள் இரும்புத் தடுப்புகளைக் கொண்டுவந்து வாசலில் இழுத்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கெங்கிருந்தோ வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் அதற்குள் ஓடிப் போய் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். நுன்சியா எழுந்து வருவதற்குள் வரிசை தூண்களைத் தாண்டி, ஊற்றைச் சுற்றி, சந்துக்குள் போய்விட்டது. ஒத்தாவியோ வெளியே. பச்சைத் தொப்பி வெளியே. இருபது பேரும் வெளியே நின்று ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

தடுப்புக்காரன் மீசையைத் தடவினான். "நிக்கிறவங்கதான் வரிசை. உள்ள இவ்வளவு பேருதான்னு கணக்கு. இந்த விளக்குக் கம்பம் வரைக்கும் உள்ள, அதுக்குப் பின்னாடி இருக்குறவங்க வீட்டுக்கு."

"நாங்க ஆறே முக்காலுக்கு வந்தோம்!"

"வந்தீங்க. நிக்கலையே."

ரோக்கோ அவள் கையைப் பிடித்தான். "விடு நுன்சியா. வெளிய நின்னு மணி அடிக்கிறதயாவது கேப்போம்."

"உன் தீயணைப்பு அட்டைய காட்டு."

"காட்ட மாட்டேன். காட்டுனா 'வாங்கண்ணே'ன்னு மேல இழுத்துட்டுப் போயிடுவானுங்க. மேல ஏறி ஏறித்தான் இந்தக் கால் போச்சு. எனக்குக் கீழ நிக்கணும்."

நுன்சியா ஒரு நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பையை அவனிடம் கொடுத்துவிட்டு நேராக வரிசைத் தலைக்குப் போனாள்.

"ஐயா, இந்த வரிசை தப்பு. எங்களுக்கு மட்டும் இல்ல, இவங்களுக்கும் தப்பு. அந்த நெட்டையான், முதுகுல பெரிய மூட்டை, அவன் ஏழே முக்காலுக்கு வந்தான். எப்படி நாலாவதா நிக்கிறான்? அந்த வெள்ள முடித் தாத்தாவும் பாட்டியும் ஏழு மணிக்கே வந்துட்டாங்க, இப்ப கம்பத்துக்குப் பின்னாடி. குழந்தைய நெஞ்சுல கட்டியிருக்கே அந்தப் பொண்ணு, அது எனக்கு அப்புறம் மூணாவது. கேட்டுப் பாரு."

ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்கு இத்தாலிப் பேச்சு தெரிந்திருந்தது. அவள் பின்னால் திரும்பி மொழிபெயர்த்தாள். வெள்ளை முடித் தாத்தா, ஏழு மணி, ஏழு மணி என்று விரலைக் காட்டித் தலையாட்டினார். குழந்தைக்காரி அழுகிற மாதிரி சிரித்தாள். நெட்டையான் முகம் சிவந்து, தானாகவே பத்தடி பின்னால் போனான். அதைப் பார்த்ததும் வரிசையில் ஒரு முணுமுணுப்பு: இந்த அம்மாளுக்குத் தெரிகிறது.

"எத்தன பேர இப்படி ஞாபகம் வச்சிருக்கே?" என்றான் மீசைக்காரன்.

"வந்தவங்க எல்லாரையும்."

அவன் தடுப்பைத் திறந்துவிட்டான். "அப்ப நீயே நிறுத்து, தாயே. எனக்குத் தலைவலி மிச்சம்."

நுன்சியா நிறுத்தினாள். முழங்கையைப் பிடித்து இழுத்து, தோளைத் திருப்பி, "நீ இங்க, நீ அங்க, உனக்கு முன்னாடி இந்தக் கண்ணாடி, அதுக்கு முன்னாடி இந்த ரெண்டு பேரு." மொழி தெரியாதவர்களுக்கு விரல். எதிர்த்துப் பேசிய ஒரு நாப்போலிக்காரனை அவள் பார்த்த பார்வையில், அவனே தன் மாமியாரோடு பத்து பேருக்குப் பின்னால் போய் நின்றான். ஜெபமாலைக்காரி முதலில், அந்த இருபது பேரில் கடைசியாகப் பச்சைத் தொப்பி, ஒத்தாவியோ, பிறகு ரோக்கோ. ரோக்கோ பக்கத்தில் ஓர் ஆள் இடைவெளி, அவளுக்கு.

ஆனால் அவள் அங்கே வந்து நிற்கவில்லை. அறுபதாவது ஆளையும் அறுபத்தொன்றாவது ஆளையும் சந்துமுனையில் மாற்றிக்கொண்டிருந்தபோது கோயில் கதவு திறந்துவிட்டது. வரிசை நகர்ந்தது. மீசைக்காரன் தலைகளை எண்ணி எண்ணி உள்ளே விட்டான். பச்சைத் தொப்பி போயாயிற்று. ஒத்தாவியோ படியில் காலை வைத்தவர் திரும்பிப் பார்த்தார். ரோக்கோ கைப்பையை அணைத்தபடி அசையாமல் நின்றான்.

"போங்கய்யா உள்ள" என்றான் மீசைக்காரன்.

"எனக்கு அடுத்தவங்க வரல" என்றார் ஒத்தாவியோ. "அவங்க வராம நானும் போகல."

"பின்னாடி இருக்கறவங்கள விடறேன்."

குழந்தைக்காரி தலையை ஆட்டி மறுத்தாள். அவளுக்கு முன்னால் இருந்த தாத்தாவும் பாட்டியும் நகரவில்லை. நெட்டையான் வாயருகே கையைக் குவித்துக்கொண்டு, அன்று காலைதான் கற்ற, 'அம்மா' என்கிற ஒரே இத்தாலிச் சொல்லைக் கத்தினான்: "சிஞ்ஞோரா!" அடுத்த நொடி வரிசை முழுக்கக் கத்தியது. எத்தனை நாட்டு வாயோ, ஒரே குரல்: "சிஞ்ஞோரா! சிஞ்ஞோரா!"

நுன்சியா அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஊற்றைச் சுற்றி ஓடி வந்தாள். வரிசை கைதட்டியது. மூச்சு வாங்க ரோக்கோ பக்கத்தில் நின்றாள்.

"மெதுவா வந்திருக்கலாமே" என்றான் ரோக்கோ. "ஊரே உனக்காகக் காத்திருக்கு."

"வாய மூடிட்டு நட."

பூசை நீளமான பூசை. ரோக்கோ ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அண்ணாந்து அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் வட்டமாகச் சுவரில் நகர்ந்தது. கடைசிப் பாட்டு தொடங்கியதும் ஓட்டையின் விளிம்பில் ஒரு தலைக்கவசம் தெரிந்தது, பிறகு இன்னொன்று, பிறகு இரண்டு கை.

முதலில் ஒன்றிரண்டுதான் விழுந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து சுற்றிச் சுற்றி, அவசரமில்லாமல். பிறகு கொட்டினார்கள். வெயில் வட்டம் முழுக்கச் சிவந்துபோயிற்று. ஆயிரம் பேர் கையை உயர்த்தினார்கள். குழந்தைக்காரியின் குழந்தை வாயைத் திறந்து ஓர் இதழைத் தின்றுவிட்டது. ரோக்கோ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தான், முகத்தில் விழுந்த எதையும் துடைக்கவில்லை.

பூமழை மெலிந்தது. மேலே கைகள் மறையப் போயின. அப்போது ரோக்கோ, கிடங்கு எரியும்போது ஏணி உச்சிக்குக் கேட்கும்படி கத்துவானே அந்தக் குரலில், கோயிலே அதிரக் கத்தினான்:

"டேய் பசங்களா! இவ்வளவுதானா? இன்னும் கொட்டுங்கடா!"

எல்லோரும் சிரித்தார்கள், ஒத்தாவியோ அவன் முதுகில் தட்டினார். மேலே ஒரு தலைக்கவசம் எட்டிப் பார்த்தது. அந்தக் குரல் எப்படிப்பட்ட ஆளுடையது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையை நெற்றியில் வைத்து வணங்கினான், உள்ளே குனிந்தான், இன்னொரு மூட்டையைத் தூக்கி முழுசாகக் கவிழ்த்தான். அது நேராக வந்தது. ரோக்கோ தலை மேலும், நுன்சியாவின் தலை மேலும், அவள் ரவிக்கைக்குள்ளும்.

அவள் ஒன்றையும் உதறவில்லை. அப்படியே, தலை நிறையச் சிவப்போடு, புருஷன் கையைப் பிடித்து, வாசல் வழியாக ராணி மாதிரி வெளியே நடந்தாள்.