பிலோமினா அக்கா முந்திக்கொண்ட குவளை

பிலோமினா அக்கா இறந்த செய்தி, விமான நிலையத்தில் வேலை முடித்து நான் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய மகள் பிரெஞ்சில் சொல்லிவிட்டு அழுதாள். எனக்குக் கண்ணீர் வருமுன்பே அவருடைய சாம்பல் நிறக் குவளை நினைவுக்கு வந்தது. பொறாமை சாவு வீட்டிலும் செருப்பைக் கழற்றுவதில்லை.

பாரிஸின் ரூ காய் தெருவில் சேலை வாங்கிய உங்களுக்கு அவர் சேலைக்கடை அக்கா. மன்னாரில் பிறந்து, பாரிஸ் புறநகரான செவ்ரானில் குடியிருந்தவர். அவர் பழைய பியர்க் குவளைகள் சேர்த்தது உங்களில் பலருக்குத் தெரியாது. நானும் சேர்க்கிறேன். ஞாயிறு காலைப் பழம்பொருள் சந்தைகளுக்காக அவர் மாலைப் பூசைக்கு மாறிக்கொண்டவர். போட்டியில் பெரும்பாலும் வென்றவரும் அவரே.

அந்தச் சாம்பல் நிறக் குவளையைச் சந்தையில் முதலில் தூக்கியவன் நான். ஜெர்மன் வேலை, சாம்பல் நிற மண்ணில் நீலப் பூக்கள். சூளை கொதிக்கையில் உப்பை எறிந்து ஏற்றிய மெருகு, தோடம்பழத் தோல்போலச் சொரசொரப்பாக விரலில் பட்டது. மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கீழே வைத்தேன். நிமிர்ந்தபோது அது அவர் கையில் இருந்தது.

"அக்கா, அது நான் பாத்துக்கொண்டிருந்தது."

"பாத்துக்கொண்டிரு தம்பி. நான் வாங்கிறன்."

எரிச்சலில், குவளையின் ஈயமூடி பிறகு பொருத்தியது என்று குறை சொன்னேன்.

"ஓம், தெரியும். கீலைத் தடவிப் பார், கைப்பிடியோடை ஒட்டேல்லை. மூடி உடைஞ்சும் ஆரோ எறிய மனமில்லாமல் புதுசு போட்டிருக்கினம். அதுக்காகத்தான் வாங்கிறன்."

நான் கண்ட குறையையே அவர் ஆசையோடு கண்டிருந்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

பிறகொரு நாள் தன் வீட்டில் ஒரு வெள்ளைப் பீங்கான் குவளையை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு படைவீரன் காதலியிடம் விடைபெறும் படம் தெரிந்தது. வர்ணமே இல்லை, பீங்கான் தடித்த இடம் இருள், மெலிந்த இடம் ஒளி. குடித்து முடித்தவனுக்குத்தான் படம் தெரியும். நான் கூசேன்வில்லில் இருக்கும் என் வீட்டுக்கு ஓடிவந்து என் பீங்கான் குவளைகளை எல்லாம் விளக்கில் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் வெறும் வெள்ளை.

அவர் நோயுற்று, வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். அலுமாரியில் சாம்பல் நிறக் குவளையைக் காணவில்லை. மேல்மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ரயில் சாரதியான பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்துவிட்டாராம். அந்த மனிதர் அதில் தினமும் பியர் குடிக்கிறாராம்!

"எனக்குத் தந்திருக்கலாமே, அக்கா?"

"நீ கொண்டுபோய்ப் பூட்டி வைப்பாய். அது குடிக்கச் செய்த சாமான், தம்பி. என்ரை வீட்டிலை இவ்வளவு காலம் காய்ஞ்சு கிடந்தது காணும், இனி ஆரும் குடிக்கட்டும்."

வாழ்நாளில் ஒரு மிடறு பியரும் குடிக்காதவர் சொன்னது இது. நான் தேநீரை முடிக்காமலே எழுந்து வந்தேன்.

நல்லடக்கத்தில் அந்தச் சாரதி தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகையிலும் எனக்குப் பொறாமை.

போன ஞாயிறு சந்தையில் நல்லதொரு குவளை கண்டேன். என்னையறியாமல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடமும் வலமும் பார்த்தேன். யாரும் வரவில்லை. விற்பவர் அவசரமில்லை என்றார். கீலைத் தடவிப் பார்க்கும் பழக்கம் அக்காவிடமிருந்து என்னிடம் வந்தது. இன்னொரு கை முந்திவிடும் என்ற பதற்றமும் அவர் தந்ததுதான். அதை மட்டும் எவருக்கும் கொடுக்கமாட்டேன்.